பாரிஸுக்குப் போன இமாம்: ரிஃபாஆ அத்தஹ்தாவி

வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை கிடைத்தால் நம் வீடுகளில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. போகும் பிள்ளை அதே ஈமானோடு திரும்பி வருமா? படித்ததைக் கொண்டு நம் மக்களுக்கு ஏதாவது செய்யுமா? இல்லை, போன இடத்திலேயே தங்கிவிடுமா? இந்தக் கேள்விகள் இன்று புதிதாகப் பிறந்தவை அல்ல. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தும் இவற்றைக் கேட்டது. அதற்குத் தன் வாழ்க்கையையே பதிலாகத் தந்தவர் இமாம் ரிஃபாஆ ராஃபிஃ அத்தஹ்தாவி (ரஹ்) அவர்கள்.

பறிபோன நிலமும் அஸ்ஹர் கல்வியும்

தென் எகிப்தில், நைல் நதியோரத்திலுள்ள தஹ்தா என்ற ஊரில் 1801-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நெப்போலியனின் படை எகிப்தை விட்டு வெளியேறிய ஆண்டும் அதுதான். நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று மதிக்கப்பட்ட, ஆலிம்கள் நிறைந்த குடும்பம். ஆனால் ஆட்சிக்கு வந்த முஹம்மது அலி பாஷா நில வரி முறையை மாற்றியமைத்தபோது, அந்தக் குடும்பம் தன் வருமானத்தை இழந்தது. தந்தை ஊர் ஊராக அலைய நேர்ந்தது. அந்த அலைச்சலிலும் சிறுவர் ரிஃபாஆ குர்ஆனை மனனம் செய்தார். தந்தை மறைந்த பிறகு தாய்மாமன்களான ஆலிம்களிடம் பாடம் ஓதினார். 1817-இல் கெய்ரோவின் அல்அஸ்ஹரில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெரும் பேறு, ஷைக் ஹஸன் அல்அத்தார் என்ற ஆசிரியர். பிரெஞ்சுப் படையோடு வந்திருந்த அறிஞர்களுடன் பழகியவர் அவர். துருக்கி, சிரியா நாடுகளில் பயணம் செய்தவர். மார்க்கக் கல்வியோடு வரலாறு, புவியியல், மருத்துவம் ஆகியவற்றையும் படிக்கத் தூண்டிய ஆலிம். படிப்பை முடித்த ரிஃபாஆ சில காலம் அஸ்ஹரிலேயே பாடம் நடத்தினார். 1824-இல் பாஷாவின் புதிய படைப்பிரிவு ஒன்றில் இமாமாக அமர்ந்தார்.

மாணவராக அல்ல, இமாமாக

1826-இல் முஹம்மது அலி பாஷா நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களை அரசு செலவில் பாரிஸுக்கு அனுப்பினார். இராணுவம், கப்பற்படை, நிர்வாகம், மருத்துவம், வேதியியல், அச்சுத்தொழில், விவசாயம் என ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. அவர்களில் பலர் துருக்கி மொழி பேசியவர்கள். எகிப்திய மண்ணின் பிள்ளைகள் ஒரு பகுதியினரே.

அந்நிய நாட்டில் இந்த இளைஞர்களின் தொழுகையையும் மார்க்க ஒழுக்கத்தையும் கவனிக்க இமாம்கள் தேவைப்பட்டனர். அத்தார் அவர்களின் பரிந்துரையால் ரிஃபாஆவும் அந்தப் பொறுப்புக்குத் தேர்வானார். தன் குடும்பத்தின் வாழ்வாதாரத்தைப் பறித்த அதே ஆட்சியாளரின் செலவில் அவர் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 24. கண்டதையெல்லாம் எழுதி வைக்குமாறு ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார்.

அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதக் கடல் பயணம். மார்ஸேயில் இறங்கியதும், நோய் பரவாமல் இருக்கத் தனிமைப்படுத்தி வைத்தனர். தரையில் அமராமல் நாற்காலியில் அமர்வது, ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு, கத்தி, முள்கரண்டி என எல்லாமே அவருக்குப் புதிது. சுவரெங்கும் கண்ணாடி பதித்த ஒரு காஃபிக் கடைக்குள் நுழைந்தவர், உள்ளே பெருங்கூட்டம் இருப்பதாக எண்ணினார். தன் உருவத்தையே பல இடங்களில் கண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. இதை மறைக்காமல் தன் நூலில் எழுதியும் வைத்தார்.

இமாமாகப் போனவர் பிரெஞ்சு கற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவர் வந்த உடனேயே எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து ஆசிரியர் வைத்துக்கொண்டார். அவரது ஆர்வத்தைக் கண்ட பிறகு மொழிபெயர்ப்பைத் தன் துறையாகப் படிக்க அனுமதி கிடைத்தது. இரவும் பகலும் வாசித்ததில் கண் பார்வை பாதிக்கப்பட்டும் அவர் வாசிப்பை விடவில்லை.

அந்தக் கல்வித் திட்டம் நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. முதலில் எல்லோரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தனர். ஆனால் தங்களுக்குள் தாய்மொழியிலேயே பேசிக்கொண்டிருந்ததால் பிரெஞ்சு வளரவில்லை. பிறகு அவர்களைப் பிரித்து, பிரெஞ்சு மாணவர்கள் தங்கும் இல்லங்களில் சேர்த்தனர். தேர்வுகள் ஒழுங்காக நடந்தன. முன்னேற்றம் போதாது என்று பாஷாவிடமிருந்து கண்டிப்பான கடிதமும் வந்தது. திட்டத்தை மேற்பார்வையிட்ட ழோமார், நெப்போலியனின் படையோடு எகிப்துக்கு வந்திருந்த அறிஞர். விருந்தளித்த நாட்டுக்கும் எகிப்தில் தன் செல்வாக்கை வளர்க்கும் நோக்கம் இருந்தது. வெளிநாட்டு உதவித்தொகையின் பின்னால் கொடுப்பவரின் நலனும் இருக்கும் என்பது அன்றும் உண்மைதான்.

கண்டதை எடைபோட்ட பார்வை

ரிஃபாஆ பாரிஸைப் பார்த்த விதம்தான் நமக்கு முக்கியம். அவர் மயங்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. பிரெஞ்சு மக்களின் சுத்தம், உழைப்பு, பாமரரும் படிக்கத் தெரிந்திருந்தது, பத்திரிகைகள், நூலகங்கள் ஆகியவற்றைப் புகழ்ந்தார். அவர்கள் பகுத்தறிவையே இறுதி அளவுகோலாக்கிக்கொண்டதை மறுத்தார். ஒரு பெண்ணின் கற்பொழுக்கம் அவள் முகம் மறைப்பதாலோ திறப்பதாலோ வருவதல்ல, நல்ல வளர்ப்பால் வருவது என்றும் கருத்துரைத்தார்.

மொன்தெஸ்க்கியூ, ரூஸோ போன்றோரின் நூல்களைப் படித்தார். அரபு அறிந்த பிரெஞ்சுப் பேரறிஞர் ஸில்வெஸ்தர் து ஸாஸியோடு நட்புக் கொண்டார். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் மொழிபெயர்த்தார். அவர்கள் சுதந்திரம் என்று அழைப்பதை, நம் மரபு நீதி, நியாயம் என்று அழைப்பதோடு ஒப்பிட்டு விளக்கினார். 1830 ஜூலையில் மூன்றே நாள் எழுச்சியில் மன்னர் பத்தாம் சார்லஸின் ஆட்சி கவிழ்ந்ததை நேரில் கண்டு பதிவு செய்தார். அதே ஆண்டு இறுதித் தேர்வில் 12 மொழிபெயர்ப்புகளை முன்வைத்துத் தேறினார்.

1831-இல் தாயகம் திரும்பினார். அவரது பயண நூல் தக்லீஸுல் இப்ரீஸ் 1834-இல் பூலாக் அச்சகத்தில் வெளியானது. அத்தார் அவர்களே அதைப் பாராட்டி முன்னுரை தந்தார். சில ஆண்டுகளில் துருக்கி மொழியிலும் வந்தது.

ஒருவர் கற்றது ஊருக்கானது

திரும்பி வந்தவருக்கு மருத்துவப் பள்ளியிலும், பிறகு பீரங்கிப் படைப் பள்ளியிலும் மொழிபெயர்ப்புப் பணி கிடைத்தது. அதோடு அவர் நிறைவடையவில்லை. சிலரைப் பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதைவிட, பாரிஸில் கற்பதைக் கெய்ரோவிலேயே பலருக்குக் கற்பிக்க வேண்டும் என்று நினைத்தார். அந்த எண்ணத்தில் 1835-இல் உருவானதுதான் மொழிகள் பள்ளி, மத்ரஸத்துல் அல்ஸுன். அரபு, பிரெஞ்சு, துருக்கி மொழிகளோடு வரலாறு, புவியியல், சட்டம் ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. அதன் மாணவர்கள் நூற்றுக்கணக்கான நூல்களை மொழிபெயர்த்தனர். அரபியில் இல்லாத கலைச்சொற்களை அவரும் மாணவர்களும் தேடித் தேடி உருவாக்கினர். அரசு இதழான அல்வகாயிஉல் மிஸ்ரிய்யாவின் ஆசிரியர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

வீட்டிலும் அவர் தன் கொள்கையை விட்டுவிடவில்லை. தாய்மாமன் மகளான தம் மனைவி கரீமாவுக்கு, அவர் இருக்கும்வரை வேறு திருமணம் செய்வதில்லை என்று 1839-இல் எழுத்து மூலம் வாக்களித்தார்.

கார்த்தூமில் நான்கு ஆண்டுகள்

ஆட்சி மாறியது. பாஷாவின் பேரர் அப்பாஸ் மொழிகள் பள்ளியை மூடினார். 1850-இல் ரிஃபாஆ சூடானின் கார்த்தூமுக்கு ஓர் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியராக அனுப்பப்பட்டார். பெயர் பதவி, உண்மையில் நாடுகடத்தல். கடும் வெப்பம், நோய். உடன் சென்ற தோழர்களில் சிலர் அங்கேயே மரணமடைந்தனர். பதினைந்து ஆண்டு உழைப்பு கண் முன்னே சிதைந்து கிடந்தது.

ஒருவர் நொறுங்கிப் போக இது போதும். ஆனால் அவர் அங்கேயும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். ஓர் இளவரசனுக்கு நீதியான ஆட்சியைக் கற்றுத்தரும் ஃபெனலோனின் தெலமாக் என்ற பிரெஞ்சுக் கதையை அங்கே அமர்ந்து அரபியில் மொழிபெயர்த்தார். கொடுங்கோன்மையைச் சாடும் நூலை அந்த நிலையில் அவர் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது.

1854-இல் ஆட்சி மாறியதும் கெய்ரோ திரும்பினார். இஸ்மாயீலின் காலத்தில் மொழிபெயர்ப்புப் பணி மீண்டும் உயிர் பெற்றது. தம் பழைய மாணவர்களோடு சேர்ந்து பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பை அரபியில் கொண்டுவந்தார். 1870-இல் ரவ்ழத்துல் மதாரிஸ் என்ற கல்வி இதழுக்கு ஆசிரியரானார். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கல்வி தேவை என்று வாதிடும் அல்முர்ஷிதுல் அமீன் அவரது கடைசிக் காலப் படைப்புகளில் ஒன்று. நபி (ஸல்) அவர்களின் வரலாற்றையும் எழுதினார். 1873-இல் வஃபாத்தானார். அதே ஆண்டு கெய்ரோவில் அரசின் முதல் பெண்கள் பள்ளி திறக்கப்பட்டது. அவர் தொடங்கிய மொழிகள் பள்ளியின் பெயரை இன்றும் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் அல்அல்ஸுன் புலம் தாங்கி நிற்கிறது.

நமக்கான பாடம்

பயணத்துக்கு முன்பே அவரிடம் இரண்டு இருந்தன: ஆழமான மார்க்கக் கல்வி, உலகத்தைப் பார்க்கப் பழக்கிய ஓர் ஆசிரியர். அதனால்தான் கொள்வதையும் தள்ளுவதையும் அவரால் தாமே தீர்மானிக்க முடிந்தது. விமான நிலையத்தில் பிள்ளையிடம் சொல்லும் அறிவுரை அந்த வேலையைச் செய்யாது. அதை வீட்டிலும் மத்ரஸாவிலும் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

திரும்பியவருக்கு இடம் கொடுப்பதும் நம் பொறுப்பு. அவருடன் பாரிஸில் படித்தவர்கள் பலர். ஆனால் கற்றதை ஒரு பள்ளியாக மாற்றியவர் என்று வரலாறு முதலில் நினைவுகூர்வது இந்த இமாமையே. பள்ளியை அரசு தந்தபோது அது வளர்ந்தது, அரசு பறித்தபோது மூடியது. நம் பிள்ளைகள் கற்று வரும்போது அவர்கள் கற்பிக்க ஒரு கூடத்தையும், எழுத ஓர் இதழையும் நாமே தயாராக வைத்திருந்தால், அவர்கள் ஆட்சியாளரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.