பள்ளிதோறும் பள்ளிக்கூடம் கண்ட பெரியார்

மாற்றல் உத்தரவு பெற்றுப் புதிய ஊரில் வந்து இறங்கும் ரயில்வே ஊழியன் முதலில் குடியிருக்க வீடு தேடுகிறான். அடுத்துத் தன் மக்களுக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறான். வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டில் குடியேறிய நம்மவரும், போடி, குமுளி மலைப்பாதைகளில் ஏறி இடுக்கித் தோட்டங்களை அடைந்த நம்மவரும், அப்பள்ளிக்கூடம் பல ஊர்களில் மாதா கோயிலை அடுத்தே அமைந்திருக்கக் காண்கிறோம். கோயிலும் கல்விச்சாலையும் இவ்வாறு இணைந்து நிற்க அடிகோலியவர்களுள் தலைசிறந்தவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகளார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

குட்டநாட்டுக் கைனகரியில் 1805-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பிறந்த அடிகளார், 1818-ல் பள்ளிப்புறம் குருமடத்திற் சேர்ந்தார். அங்கே பயிலும் நாளிலேயே கொள்ளைநோய் தாய், தந்தை, தமையன் ஆகியோரைக் கவர்ந்து சென்றது. குலம் விளங்க வீடு திரும்புமாறு உறவினர் வற்புறுத்தியும் அவர் உறுதி குலையவில்லை. 1829-ல் குருப்பட்டம் பெற்றார். 1831-ல் பாலைக்கல் தோமா, போருக்கர தோமா என்னும் பெரியோர் இருவருடன் மான்னானம் குன்றில் துறவு மடத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1841-லும் 1846-லும் அவ்விருவரும் அடுத்தடுத்து மறைய, முழுப் பொறுப்பும் இவர் தோள்மேல் விழுந்தது.

அந்த 1846-ஆம் ஆண்டிலேயே மான்னானத்தில் வடமொழிப் பாடசாலை எழுந்தது. அக்கல்வி உயர்குலத்தார்க்கே உரியதாயிருந்த காலம் அது. திருச்சூரிலிருந்து ஒரு வாரியரை வரவழைத்து ஆசிரியராக அமர்த்தினார். அச்சுக்கூடமும் அவ்வாண்டே தோன்றியது. வாழைத்தண்டால் மாதிரி செய்து காட்டி, அதன்படி தச்சரைக் கொண்டு மரத்தால் அச்சு இயந்திரம் அமைத்தார் என்பர். 1887-ல் நஸ்ராணி தீபிகை என்னும் இதழ் மான்னானத்து அச்சுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது.

1861-ல் சிரிய கத்தோலிக்கருக்கு விகார் ஜெனரல் ஆனார். 1864-ல் கோயில் தோறும் ஒரு பள்ளிக்கூடம் அமைக்க ஏற்பாடாயிற்று. மலையாள நாட்டில் கிறிஸ்தவக் கோயிலைப் பள்ளி என்பதால், பள்ளிக்கூடம் என்னும் சொல்லே இவரால் பிறந்தது எனச் சிலர் கூறுவர். அச்சொல் அவருக்கு முன்னரே நம் மொழியில் வழங்கியது. சொல் பழையது, அதைச் சிற்றூர்தோறும் மெய்யாக்கியதே அவர் செய்த புதுமை.

பசித்த வயிற்றோடு ஏழைக் குழந்தை படிக்க வராது என்பதையும் அவர் அறிந்திருந்தார். வீட்டில் உலையிடும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கும் பிடியரிசி முறையால், மாணவர்க்கு மதிய உணவு அளிக்க வழி செய்தார். காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்குவதற்குச் சற்றேறக்குறைய 90 ஆண்டுகள் முந்திய செய்தி இது. தாழ்த்தப்பட்டோர் மக்களுக்காக ஆர்ப்பூக்கரையில் பள்ளி கண்டார். பெண்கல்வியை எண்ணி, 1866-ல் லெயோப்போல்து அடிகளாருடன் கூனம்மாவில் கன்னியர் மடம் நிறுவினார். மூங்கிற் பாயால் வேய்ந்த சிறு குடிலே அம்மடம்!

1871 ஜனவரி 3-ஆம் நாள் கூனம்மாவில் அடிகளார் மறைந்தார். 1885-ல் மான்னானத்தில் எழுந்த ஆங்கிலப் பள்ளியை அவர் கண்டாரில்லை. இருபதாம் நூற்றாண்டில் சமவெளி மக்கள் இடுக்கி, பாலக்காட்டு மலைகளிற் குடியேறி, கோயிலோடு பள்ளியும் கட்டியதையும் அவர் கண்டாரில்லை. அவர் இட்ட வித்தே அங்கெல்லாம் முளைத்தது. 2014 நவம்பர் 23-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவருட் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. பெருஞ்செல்வர் ஒருவர் வந்து தமிழ் வகுப்பு நடத்தித் தருவார் என்று நாம் காத்திருத்தல் தகுமா? அடிகளார் செல்வரைத் தேடி நின்றாரில்லை. ஒவ்வோர் அடுப்பங்கரையிலிருந்தும் ஒரு பிடி கேட்டார். நம் சங்கத்துக் குடும்பங்கள் திங்கள்தோறும் அத்தகைய ஒரு பிடி ஒதுக்கினால், அடுத்த ஆண்டு மலரை நம் பிள்ளைகளே படித்துக் காட்டுவர்.