குருதியில் கண்ட குறி

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823ஆம் ஆண்டில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். அதன் வழிவந்ததே இன்று ஜிப்மர் என வழங்கும் பெருமருத்துவ நிலையம். அங்கும், நாட்டின் பிற குருதி வங்கிகளிலும், கொடையாகப் பெற்ற குருதியில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்குரிய கிருமி உளதா என ஆராய்ந்த பின்னரே அதனைப் பிறர்க்கு ஏற்றுவர். இவ்வாய்வுக்கு வழி கண்டவர் பாரூக் புளும்பர்க் ஆவார்.

புளும்பர்க் 1925ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் பிறந்தார். மருத்துவ மாணவராய் இருந்தபோது 1950இல் சூரினாம் நாட்டிற்குச் சென்றார். அங்கே, புதுச்சேரி மக்களும் நன்கறிந்த யானைக்கால் நோயின் கிருமி, ஓரினத்தாரை மிகுதியாகவும் மற்றோரினத்தாரைக் குறைவாகவும் பற்றுதலைக் கண்டார். ஒரே நோய் ஆளுக்கு ஆள் வேறுபடுவது ஏன் என்னும் வினா அன்றுமுதல் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

அவ்வினாவிற்கு விடை தேடி, பல நாட்டு மக்களின் குருதியைத் திரட்டி ஆராய்ந்தார். 1963இல் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் புதியதொரு பொருள் புலப்பட்டது. அதனை ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றனர். அஃது இன்னதென முதலில் எவர்க்கும் விளங்கவில்லை.

1967இல் அவருடைய ஆய்வுக்கூடத்துப் பெண்மணி ஒருவர் உடல் நலிவுற்றார். தம் குருதியைத் தாமே ஆராய்ந்தார். முன்பு இல்லாத அப்பொருள் அப்போது இருந்தது. மஞ்சட்காமாலையும் பின்தொடர்ந்தது. நாளடைவில் அப்பொருள் மறைந்து, அதனை வெல்லும் எதிர்ப்பொருள் தோன்றியது. அவரும் நலம் பெற்றார். நோயின் வரவையும் நீக்கத்தையும் குருதியே அறிவிக்கும் என்னும் உண்மை இவ்வாறு துலங்கிற்று.

வளர்ந்தோரிற் பெரும்பாலோர் இந்நோயினின்று தாமே மீள்வர். பிறக்கும்போதே கிருமியைப் பெற்ற குழந்தைகளிலோ பத்தில் ஒன்பதின்மர்க்கு அது நாட்பட்டு நிலைத்துவிடும். பின்னாளில் கல்லீரற் புற்றுநோயும் நேரலாம். நாட்பட்டவர்களிலும் ஆண்டுதோறும் நூற்றுவரில் ஒருவர் அளவிற்கு மருந்தின்றியே அப்பொருள் நீங்கப் பெறுகின்றனர். குருதியில் அப்பொருளின் அளவு குறையக் குறைய, இயல்பாக மீளும் வாய்ப்பு மிகுதி என மருத்துவர் இந்நாளில் முன்னறிகின்றனர்.

ஆதலின், ஒரு மருந்தினால் நோய் நீங்கிற்றா, தானே நீங்கிற்றா எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. சென்னை அறிஞர் தியாகராசனும் புளும்பர்க்கும் பிறரும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வு இதற்குச் சான்று. மருந்துண்ட 37 பேரில் 22 பேர்க்கு அக்குறி மறைந்தது. வெறும்பொடி உண்ட 23 பேரில் ஒருவர்க்கே மறைந்தது. பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகளில் அத்துணைப் பயன் காணப்படவில்லை. நம்பிக்கையையும் மீண்டும் மீண்டும் உரைத்துப் பார்ப்பதே அறிவியலின் நெறி.

புளும்பர்க் தம் துணைவர் மில்மனுடன் 1969இல் தடுப்பு மருந்துக்கும் வழி வகுத்தார். 1976இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் தம் 85ஆம் அகவையில் மறைந்தார். நம் நாட்டில் 2002இல் சில இடங்களில் தொடங்கிய குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் நாடெங்கும் பரவியதும் அவ்வாண்டிலேயாம். சிறு வினாவையும் புறக்கணியாது பின்தொடர்ந்த ஒருவரின் உழைப்பு, அவர் கண்டறியாத கோடிக் குழந்தைகளுக்குக் காவலாயிற்று.