பிறர் கையில் வளர்ந்த பிள்ளைகளின் பாவலர்

தேயிலைத் தோட்டத்துக் குழந்தை தாயின் மடியில் வளர்வது இரவிலேதான். விடியுமுன் தப்பொலி கேட்டதும் தாய் அதனைத் தோளிற் சாத்திச் சென்று பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்திற்கு விரைவாள். பகலெல்லாம் அதனை ஏணையிலிட்டு ஆட்டுபவள் ஆயாம்மா. பெற்றவளோ எதிர்மலையிற் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பாள். இவ்வாழ்வைக் கவிதையாக்கியவர்களுள் தலையாயவர் சி. வி. வேலுப்பிள்ளை.

வட்டகொடைக்கு அணித்தான மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அன்னார் பிறந்தார். கங்காணிக் குடும்பம், ஆகவே லயத்து வறுமை அவரைத் தீண்டியதில்லை. இதனை ஒரு குறையாகச் சொல்வாருமுளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பக்கத்து லயத்தின் அழுகுரல் காதில் விழுந்தும் விழாதவராய் வாழ்ந்த கங்காணி வீட்டுப் பிள்ளைகள் பலர், இவர் கேட்டார். இளமையில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி, 1934இல் இலங்கை வந்த தாகூரைக் கண்டு, தமது கவிதை நாடகமான ‘விஸ்மாஜினி’யை அவரிடம் அளித்தார்.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அவரைச் சபைக்கு அனுப்பிய கைகளுக்கே அடுத்த தேர்தலில் வாக்குச் சீட்டில்லை! காட்டை அழித்து நாட்டை வளர்த்தவர்களை, நாடு தன் பிள்ளைகளல்லர் என்றது. தாயகமென்று சொல்லப்பட்ட இந்தியாவையோ அவர்களிற் பெரும்பாலோர் கண்டதுமில்லை. 1964இல் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ‘நாடற்றவர் கதை’ என்ற அவரது நூலின் பெயரிலேயே இந்நோவெல்லாம் அடங்கிவிடுகிறது.

1954இல் வந்த ஆங்கில நெடுங்கவிதை ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கினார். கல்லறையின்றித் தேயிலைத் தூரின் கீழ் மண்ணாய்ப்போன மூதாதையரை அது நினைவுகூர்கிறது.

ஆயினும், அவர் திரட்டிய நாட்டார் பாடல்களையே நாம் பெரிதென்போம். தோட்ட மக்களின் வாய்மொழியிலிருந்து அவர் எடுத்தெழுதிய அப்பாடல்கள் 1983இல் சென்னையில் நூலாயின. குழந்தையை அடித்தவர் யாரென்று வினவுவது தமிழ்த் தாலாட்டின் பழைய மரபு. வயலோரத்துத் தாய்க்கு அது செல்லக் கேள்வி. பகல் முழுதும் பிள்ளையைப் பிரிந்திருந்து, கூடையிறக்கிய தோள்வலியோடு இரவில் ஏணையாட்டும் தோட்டத்துத் தாய்க்கோ விடையறியாத கேள்வி. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1984 நவம்பர் 19ஆம் நாள், வேலுப்பிள்ளை மறைந்தார்.