பல்லைப் பார்த்துப் பரிணாமம் படித்தவர்



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் பெரியவர்கள். ஆனால் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? மாட்டின் வயசு பல்லிலேயே தெரிந்துவிடும். இதே பார்வையை யானைப் பக்கம் திருப்பி, என்றோ செத்து மண்ணாகிப்போன மிருகங்களின் வம்சாவளியைப் படித்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஹியூ ஃபால்கனர்.

1808 பிப்ரவரி 29-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ஃபாரஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1830-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி டாக்டராக இந்தியா வந்தார். 1832-இல் சகாரன்பூர் தாவரவியல் பூங்கா இவர் பொறுப்பில் வந்தது. ஆக, படித்தது வைத்தியம், பார்த்த வேலை தோட்டம், பேர் வாங்கியதோ எலும்பில்!

சகாரன்பூருக்கு வடக்கே சிவாலிக் மலைத்தொடர் இருக்கிறது. அந்தப் பகுதியில் கால்வாய் வேலை பார்த்துக்கொண்டிருந்த எஞ்சினியர் புரோபி காட்லி இவருக்குக் கூட்டாளி ஆனார். சிவில் பிரிவு நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்! 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயைக் கட்டியவர் இந்தக் காட்லிதான். அதுபோன்ற வேலைகளுக்கு ஆள் தயார் செய்ய 1847-இல் ரூர்க்கியில் தொடங்கிய கல்லூரியே இன்றைய ரூர்க்கி ஐ.ஐ.டி.

சிவாலிக் மலையில் கிடைக்கும் பெரிய பெரிய எலும்புகளை அங்குள்ள ஜனங்கள் ராட்சசர்களின் எலும்பு என்று சொல்லிவந்தார்கள். 1834-இல் நாஹன் ராஜா அப்படி ஒரு பல் துண்டை ஃபால்கனருக்குக் கொடுத்தார். அது கிடைத்த இடத்தைத் தேடிப் போனவர், சில மணி நேரத்தில் 300-க்கும் மேற்பட்ட புதைபடிவங்களைச் சேர்த்துவிட்டார்.

எலும்பு கிடைத்துவிட்டது. அது எந்த மிருகத்தின் எலும்பு என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க மியூசியம் பக்கத்தில் இல்லை. புத்தகங்களும் இல்லை. கப்பலில் லண்டனுக்கு எழுதிப்போட்டால் பதில் வர மாசக்கணக்காகும். நண்பர்கள் இருவரும் சும்மா உட்காரவில்லை. அந்தக் காட்டிலேயே வாழ்ந்த புலி, எருமை, மான், முதலை எல்லாவற்றையும் வேட்டையாடி, எலும்புக்கூடுகளைத் தாங்களே தயார் செய்தார்கள். (அந்தக் காலத்தில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை!) உயிரோடிருக்கும் இனத்தின் எலும்பைப் பக்கத்தில் வைத்து, அழிந்துபோன இனத்தின் எலும்பைப் படித்தார்கள். ஒர்க் ஷாப்பில் நாம் மாஸ்டர் பீஸை வைத்து ஜாப்பைச் சரிபார்ப்பதில்லையா, அதே சங்கதிதான்.

பலன் சீக்கிரமே வந்தது. ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த, கிளைத்த கொம்புள்ள ஒரு பெரிய மிருகத்துக்குச் சிவபெருமான் பெயரைச் சேர்த்து சிவதீரியம் என்று 1836-இல் பெயர் வைத்தார்கள். 1837-இல் குரங்கின் புதைபடிவத்தையும் அறிவித்தார்கள். அதே வருடம் லண்டன் புவியியல் சங்கம் இருவருக்கும் சேர்த்து வோலஸ்டன் பதக்கம் வழங்கியது. அப்போது ஃபால்கனருக்கு வயசு 29.

அடுத்து யானைக்கு வருவோம். ராகி அறுவடை சமயத்தில் ஜவளகிரி, பன்னேர்கட்டா பக்கமிருந்து நம்ம சானமாவு காட்டுக்குக் கூட்டம் வந்து இறங்குவதும், ஊரே டார்ச்சும் பட்டாசுமாக விழித்திருப்பதும் நமக்குப் புதிதல்ல. பயிர் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது. யானை என்றால் நமக்குத் தும்பிக்கையும் தந்தமும்தான் ஞாபகம் வரும். ஃபால்கனர் பார்த்தது கடைவாய்ப் பல்லை.

யானையின் தாடையில் ஒவ்வொரு பக்கத்திலும் வாழ்நாள் முழுக்க ஆறு கடைவாய்ப் பற்கள் வரும். எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. முன்பல் தேயத் தேய, பின்னாலிருந்து அடுத்தது கன்வேயரில் வருவதுபோல நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல வழியில்லை. ஒவ்வொரு பல்லும் நெருக்கமாக அடுக்கிய தகடுகளால் ஆனது. கெட்டியான எனாமல் மெதுவாகத் தேயும், உள்ளிருக்கும் மெதுவான பகுதி வேகமாகத் தேயும். அதனால் பல்லின் மேற்பரப்பு எப்போதும் அரம் போலவே இருக்கும். புல்லை அரைக்க இதைவிட நல்ல கருவி வேண்டுமா?

ஃபால்கனர் அந்த மேடுகளை எண்ணினார். பழைய மாஸ்டோடான் பல்லில் உயரம் குறைந்த சில மேடுகளே இருந்தன. ஸ்டெகோடான் என்று இவர் பெயரிட்ட இனத்தில் கூரை வேய்ந்ததுபோல மேடுகள் கூடின. இன்றைய ஆசிய யானையின் கடைசிப் பல்லில் 20-க்கும் மேல் உயர்ந்த தகடுகள்! ஸ்டெகோடான் வகை ஒன்றுக்குக் கணேசர் பெயரையே வைத்தார். ஸ்டெகோடான் நேர் முன்னோர் அல்ல, ஒரு பக்கக் கிளை என்பதே இன்றைய கருத்து. ஆனாலும் பல்லை எண்ணி இனம் பிரிக்கும் வழி இன்றும் நிற்கிறது.

1842-இல் உடல்நலம் கெட்டு, டன் கணக்கான எலும்புகளோடு இங்கிலாந்து திரும்பினார். சிவாலிக் மிருகங்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிடத் தொடங்கினார். அது முடியவில்லை. மறுபடி இந்தியா வந்து, 1855 வரை கல்கத்தா தாவரவியல் பூங்காவைக் கவனித்தார்.

1859-இல் நண்பர் டார்வினின் நூல் வந்தது. உயிரினங்கள் மாறுவதில்லை என்று நம்பியிருந்தவர் ஃபால்கனர். அவருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! தன் யானைப் பற்களையே சாட்சிக்குக் கூப்பிட்டார். மாமத் யானை திடீரென்று முளைத்ததல்ல, முந்தைய இனங்களின் வழித்தோன்றலே என்று 1863-இல் எழுதினார். அதேசமயம், தட்பவெப்பம் தலைகீழாக மாறியும் அதன் பல் நெடுங்காலம் மாறாமல் நின்றதைக் காட்டி, இயற்கைத் தேர்வு ஒன்றே போதுமா என்றும் கேட்டார். டார்வின் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தக் கேள்வியை மதித்தார். 1864-இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் டார்வினுக்குக் கிடைக்க வாதாடியவர்களில் ஃபால்கனரும் ஒருவர்!

1865 ஜனவரி 31-இல் அவர் காலமானார். சிதறிக்கிடந்த அவர் கட்டுரைகளை 1868-இல் நண்பர் ஒருவர் தொகுத்து வெளியிட்டார்.

நண்பர்களே, லேப் வசதி இல்லை, நூலகத்தில் புத்தகம் இல்லை என்று நாம் அலுத்துக்கொள்வதுண்டு. அலுப்பில் நியாயமும் உண்டு. ஆனால் கையில் கிடைத்ததை அளவுகோலாக்கி அளந்தவர் ஃபால்கனர். அளந்தபின், தன் பழைய நம்பிக்கைக்கு எதிராக வந்த கணக்கையும் மறைக்காமல் எழுதினார். டிராயிங் ஹாலிலும் டெஸ்டிங் லேபிலும் நமக்கு வேண்டியதும் அதுதான்: வரவேண்டிய ரீடிங்கை அல்ல, வந்த ரீடிங்கை எழுதுகிற கை!