நெய்ஸ்மித்தும் நடுவரின் ஊதலும்

கூடைப்பந்துக் களத்தில் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சிக்கல்தான். இருவர் மோதினால் அது பவுலா, அல்லவா? ஊதினால் ஓர் அணி முகம் சுளிக்கும். ஊதாவிட்டால் மற்ற அணி கூச்சலிடும். இந்தச் சிக்கலின் மூலவரைத் தேடிப் படித்தபோது நான் கண்ட பெருமகன் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

1861 நவம்பர் 6ஆம் நாள் கனடாவின் ஆல்மான்ட் ஊரருகே பிறந்தவர். இளமையிலேயே பெற்றோர் இருவரையும் டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்துத் தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். பள்ளியை விட்டு மரம் வெட்டப் போனார். மீண்டும் வந்து படித்து, மக்கில் பல்கலைக்கழகப் பட்டமும் பின்னர் இறையியல் கல்வியும் பெற்றார். போதகராக வேண்டியவர் உடற்பயிற்சி ஆசிரியரானார்.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் கூடத்துக்குள் ஆடப் புதிய ஆட்டம் ஒன்று வேண்டுமென்று தலைவர் லூதர் குலிக் 14 நாள் கெடு விதித்தார். வெளியில் ஆடும் ஆட்டங்களை உள்ளே கொணர்ந்தால் எலும்பு முறியும். நெய்ஸ்மித் சிந்தித்தார்: கால்பந்தில் ஒருவனை ஏன் வீழ்த்துகிறார்கள்? பந்தோடு ஓடுகிறானே, அதனால்தான். ஓடவே கூடாது என்றுவிட்டால் வீழ்த்துவானேன்? இலக்கையும் தலைக்குமேல், 10 அடி உயர மாடி விளிம்பில், பீச் பழக்கூடையாகக் கட்டிவிட்டால் முரட்டு வலிமைக்கு அங்கே வேலையில்லை. மோதலைத் தண்டிப்பதற்குமுன் மோதலின் காரணத்தையே நீக்கப் பார்த்த அந்த அறிவை நான் வியக்கிறேன்.

ஆயினும் முதல் முயற்சி அடிதடியில் முடிந்ததாக அவரே 1939இல் வானொலியில் நினைவுகூர்ந்தார்! அவர் வகுத்த 13 விதிகளில் ஐந்தாவதுதான் நமக்கு முக்கியம். தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், காலைத் தட்டுதல், அடித்தல் யாவும் குற்றம். முதல் முறை பவுல். இரண்டாம் முறை அடுத்த கோல் விழும்வரை வெளியே. காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிந்தால் ஆட்டம் முழுவதும் வெளியே. மாற்று ஆளும் கிடையாது. எதிரணி இடையில் தவறாதிருக்க, ஓரணி அடுத்தடுத்து மூன்று பவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். எண்ணத்தையும் எடைபோடும் பொறுப்பு அன்றே நடுவர் தலையில் ஏறிவிட்டது. அதனாலோ என்னவோ, அவர் இருவரை நிறுத்தினார்: ஒருவர் ஆட்களைக் கவனிக்க, மற்றவர் பந்தைக் கவனிக்க. தனி ஆளாய் இரண்டையும் பார்த்துத் திண்டாடும் என் போன்றோர் பொறாமைப்படலாம்! இன்றைய நடுவர்கள் தொடுதல் எல்லாவற்றையும் பவுலாக்குவதில்லை. அதனால் ஒருவன் தகாத ஆதாயம் பெற்றானா என்று பார்க்கிறார்கள்.

1898இல் மருத்துவப் பட்டம் பெற்று அவர் கன்சாஸ் பல்கலைக்கழகம் சென்றார். பயிற்சியாளராக அவர் கண்டது 55 வெற்றி, 60 தோல்வி. ஆட்டத்தைப் படைத்தவருக்கே இந்தக் கணக்கு என்பதை நம் அணியினர் கவனிக்க.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க ஆட்டமானபோது முதியவர் நேரில் கண்டு களித்தார். திறந்தவெளியில், மழைச்சேற்றில், இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. பிறந்த நாடும் வாழ்ந்த நாடும் மோதிய ஆட்டம் அது. 1939 நவம்பர் 28இல் கன்சாஸின் லாரன்ஸ் நகரில் அவர் காலமானார்.