காரணம் தேடிய மருத்துவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரண்டு பிரிவுகள் இயங்கின. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். ஒரு நாள் வருவோர் முதற்பிரிவுக்கும் மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவுக்கும் அனுப்பப்பட்டனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நூற்றுக்குப் 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அது 3 பேரைக்கூட எட்டவில்லை. முதற்பிரிவில் சேர்க்கப்படுகிறோம் என்றறிந்த தாய்மார் மண்டியிட்டு அழுதனர். அவர்களை மாய்த்தது மகப்பேற்றுக் காய்ச்சல்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அப்பிரிவின் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செமல்வைஸ். 1818ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தவர். சட்டம் பயில வியன்னா வந்து, மருத்துவத்திற்கு மாறியவர்.

இறப்புகளுக்குக் காரணம் கூறுவோர்க்கு அங்குக் குறைவில்லை. காற்றில் பரவிய நச்சுத்தன்மையே காரணம் என்றனர் பலர். ஒரே வளாகத்தின் இரு பிரிவுகளுள் ஒன்றை மட்டும் தாக்கும் காற்று உண்டோ என்று செமல்வைஸ் எண்ணிப் பார்த்தார். நெருக்கடி காரணம் என்றால், இரண்டாம் பிரிவிலேயே நெருக்கடி மிகுதி. அச்சமே கொல்கிறது என்றனர் சிலர். முதற்பிரிவில் இறப்பு மிகுந்ததால் அன்றோ அச்சம் தோன்றியது? விளைவைக் காரணமாகக் கொண்ட இத்தகைய பிழையைத் தமிழ் அளவை நூலார் கண்டிருப்பின் ஏதுப்போலியுள் அடக்கியிருப்பர்.

இறக்கும் நிலையில் இருப்போர்க்குச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் மணியொலியுடன் முதற்பிரிவின் அறைகளைக் கடந்து செல்வது வழக்கம். மணியை நிறுத்தி, அவரை வேறு வழியாகச் செல்லச் செய்தார் செமல்வைஸ். இறப்பு குறையவில்லை. மகப்பேற்றின்போது பெண்களைப் படுக்கவைக்கும் முறையை மாற்றினார், அதிலும் பயனில்லை. மாணவர் எண்ணிக்கையைப் பாதியாக்கியபோது இறப்பு சிறிது குறைந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்திருப்பர். ஆனால், விரைவிலேயே இறப்பு முன்னிலும் உயர்ந்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் முன்னதே பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. மற்றொன்றும் அவர் கண்ணில் பட்டது: வரும் வழியில் தெருவிலேயே குழந்தை பெற்று வந்தவர்கள் அவ்வளவாக இறக்கவில்லை.

1847ஆம் ஆண்டு மார்ச்சில் அவருடைய நண்பர் யாக்கோப் கோலெச்கா பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவ்வுடலில் காணப்பட்ட மாற்றங்கள் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தோர் உடல்களில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. பிணங்களை அறுத்த கைகளோடு தாமும் மாணவர்களும் தாய்மாரைச் சோதித்ததை செமல்வைஸ் நினைத்துப் பார்த்தார். மருத்துவச்சிகள் பிணக்கூறாய்வு செய்வதில்லை. எத்தனை பேரைத் தம் கைகளே கல்லறைக்கு அனுப்பினவோ என்ற எண்ணம் அவரை இறுதிவரை வருத்தியது.

மே மாதத்தில், குளோரின் கரைசலில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூலையில் 1 என்னும் அளவுக்கு இறங்கியது.

எனினும் அவர் கருத்திலும் ஒரு குறை இருந்தது. பிணத்தின் துகளே நோயைத் தருகிறது என்று முதலில் வரையறுத்தார். அவ்வாண்டு அக்டோபரில், கருப்பைப் புற்றால் சீழ் வடிந்த பெண் ஒருவரைச் சோதித்த மருத்துவர்கள், கைகளைச் சோப்பால் மட்டும் கழுவிவிட்டு அடுத்தடுத்த படுக்கைகளுக்குச் சென்றனர். அவ்வரிசையில் இருந்த 12 பேருள் 11 பேர் இறந்தனர். உயிருள்ளோர் உடலின் அழுகற்பொருளும் கொல்லும் என உணர்ந்து, தம் கோட்பாட்டைத் தாமே திருத்தினார். பிறர் பிழையைக் கண்டறிவதினும் அரிய செயல் இது.

அவரை மறுத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். அத்துணைச் சிறு அளவு பொருள் ஒருவரைக் கொல்லுமா என வினவினார் கோபன்ஹேகனின் லெவி. கிருமிகள் நோய் தருவதை எவரும் அன்று மெய்ப்பித்திருக்கவில்லை. செயல்படும் விதம் விளங்காததால் காரணமே இல்லை என்று முடிவுகட்டியதுதான் அவர்கள் செய்த பிழை. செமல்வைசும் தம் சான்றுகளை நூலாக்கக் காலம் தாழ்த்தினார். 1861இல்தான் அது முழுமையாக வெளிவந்தது. அதன்பின் தம்மை ஏற்காத பேராசிரியர்களைக் கொலையாளிகள் எனச் சாடித் திறந்த மடல்கள் எழுதினார். சாடப்பட்டவர்களுக்கு அவருடைய சான்றுகளை விட்டுவிட்டு அவருடைய சினத்தைப் பற்றிப் பேசுவது எளிதாயிற்று.

வியன்னாவில் அவரது பணிக்காலம் 1849இல் நீட்டிக்கப்படவில்லை. பெஸ்ட் நகரின் ரோகுஸ் மருத்துவமனையில் பணியேற்று, அங்கும் இறப்பை நூற்றுக்கு 1க்கும் கீழே கொண்டுவந்தார். 1865 ஜூலையில், மனம் குலைந்திருந்த அவரை வியன்னாவின் மனநோய் விடுதி ஒன்றில் சேர்த்தனர். இரண்டே வாரங்களில், ஆகஸ்ட் 13ஆம் நாள், 47ஆம் வயதில் இறந்தார். காயத்தின் வழியே குருதியில் ஏறிய நச்சே அவர் உயிரைப் பறித்தது. கோலெச்கா இறந்ததும் அதனால்தான்.