பிளாஸ்க் தந்த மேதை

காப்பியை ஆறாமல் காக்கும் பிளாஸ்க், முதலில் ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையாகத்தான் பிறந்தது. அதைப் படைத்தவர் ஸர் ஜேம்ஸ் டியூவர்.

1842-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். பத்து வயதில் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்து, மூட்டுவாதக் காய்ச்சலில் படுத்தார். ஓடியாட முடியாத சிறுவன் பிடில் செய்யக் கற்றான். அந்தக் கைப்பழக்கம் பின்னாளில் உதவிற்று.

லண்டனில் அவர் அரும்பாடுபட்டுத் திரவமாக்கிய வாயுக்கள், அறையின் வெப்பத்தில் கொதித்து மறைந்தன. 1892-ல் இரட்டைச் சுவர்க் குடுவை செய்து, சுவர்களுக்கிடையே இருந்த காற்றை அகற்றினார். வெப்பம் எளிதில் புக வழியற்றுப் போயிற்று. 1898-ல் ஹைடிரஜனையே முதன்முதலாகத் திரவமாக்கினார்.

குடுவைக்கு அவர் பேடண்ட் எடுக்கவில்லை. 1904-ல் ஜெர்மானியர் அதைத் 'தெர்மாஸ்' என்று விற்கத் தொடங்கினர். டியூவர் வழக்காடித் தோற்றார், 1923-ல் மறைந்தார். பணம் பிறருக்குப் போயிற்று. ஆனால் ஆராய்ச்சிக்கூடங்களில் அது இன்றும் டியூவர் குடுவைதான்!